சாயங்கால வெயிலும் ஐந்தாம் நம்பர் புள்ளியும்

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாகப் பணம் எடுக்கும் ஏடிஎம் மேற்குப் பார்த்த ஒரு கடை வரிசையில் இருக்கிறது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் வெயில் கண்ணாடிக் கதவு வழியே நேராக உள்ளே வந்து திரை மேல் விழும். கண் நன்றாகத் தெரிகிறவர்களே அந்த நேரத்தில் ஒரு கையை நெற்றிக்கு மேல் குடைபோலப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பட்டனைத் தேடுவார்கள். எனக்கு அந்தத் திரை வெறும் வெள்ளைப் பலகை.

பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கே போய்ச் சேர்வதும் அதே நேரத்துக்குத்தான். முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, எழுத்தை ஓரக்கண்ணால் பிடித்துப் படித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டதென்று கார்டு வெளியே வந்துவிடும். மறுபடி செருக வேண்டும். பின்னால் நிற்பவர் இருமுவார். "சார், கண்ணாடி கொண்டுவரலயா?" என்று கேட்பவர்களும் உண்டு. கெட்ட எண்ணத்தில் யாரும் கேட்பதில்லை. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

எனக்கு இருப்பது கண்ணாடியால் தீர்கிற குறை இல்லை. பதினேழு வயதில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது, கரும்பலகையில் நான் பார்க்கிற இடத்து எழுத்து மட்டும் அழிந்தது போலத் தெரிய ஆரம்பித்தது. மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்டார்கார்ட் நோய் என்றார்கள். விழித்திரையின் நடுவில் மாக்குலா என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது போன்ற நுணுக்கமான வேலையெல்லாம் அந்த இடத்துடையது. அது தேய்ந்துபோகும் பரம்பரை நோய் இது. சுற்றுப்புறம் தெரியும், நடுவில் மட்டும் ஒரு புகைத் திட்டு. ஒருவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர் காதுக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டிருப்பவர்கள் சில சமயம் திரும்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள்.

அதனால் நான் தெருவில் தனியாக நடப்பேன், பஸ் ஏறுவேன், கையில் வெள்ளைத் தடி கிடையாது. ஊரைப் பொறுத்தவரை நான் கண் தெரிகிற ஆள். ஏடிஎம்மைப் பொறுத்தவரை கண் தெரியாத ஆள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அந்த மெஷினைச் செய்தவர்கள் இரண்டு வகை மனிதர்களை மட்டுமே மனதில் வைத்திருக்கிறார்கள்: முழுதாகப் பார்க்கிறவர், எதுவுமே பார்க்காதவர். நடுவில் இருக்கிற நாங்கள் அவர்கள் கணக்கில் வரவே இல்லை.

சட்டத்தின் கணக்கில் வந்திருக்கிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையைத் தனியாக வரையறுக்கிறது. நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், பார்வை 6/18க்குக் கீழே போய் 3/60 வரை இருந்தால் குறைபார்வை. அல்லது பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குள் சுருங்கி 10 டிகிரி வரை வந்திருந்தால் குறைபார்வை. என்னுடையது 6/60. மற்றவர்கள் 60 மீட்டர் தள்ளி நின்று படிக்கிற எழுத்தை நான் 6 மீட்டர் தூரத்துக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்று அர்த்தம்.

அந்த இரண்டாவது வகை, பரப்பு சுருங்கிய வகை, எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் பெரியப்பா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 71. அவருக்கு கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற நோய். வலி கிடையாது, அதனால் தெரியாமலே முற்றிவிடும். என் நோய்க்கு நேர் எதிரானது அது. எனக்கு நடு போய் ஓரம் மிஞ்சியிருக்கிறது, அவருக்கு ஓரம் போய் நடு மிஞ்சியிருக்கிறது. ஒரு மூங்கில் குழாய் வழியாக உலகத்தைப் பார்க்கிற மாதிரி. தினத்தந்தியின் சின்ன எழுத்தைக்கூட வெளிச்சத்தில் வைத்து வார்த்தை வார்த்தையாகப் படித்துவிடுவார். ஆனால் ஏடிஎம் முன்னால் நின்றால் கார்டு ஓட்டை எங்கே, திரை எங்கே, பணம் வரும் வாய் எங்கே என்று ஒவ்வொன்றாகக் குழாயைத் திருப்பித் தேட வேண்டும். பணம் வந்து நீட்டிக்கொண்டு நிற்கும், அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாதத்தின் முதல் வாரத்தில், பென்ஷன் எடுக்கப் போனார். உள்ளே ஒரு பையன் நின்றிருக்கிறான். "தாங்க தாத்தா, நான் எடுத்துத் தாரேன்" என்றிருக்கிறான். பெரியப்பா கார்டைக் கொடுத்து நம்பரையும் சொன்னார். அவன் 2,000 ரூபாயை எடுத்துச் சரியாக எண்ணிக் கையில் கொடுத்து, கார்டையும் கொடுத்து, கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். கார்டு அதே நிறம். அவருடையது இல்லை. அன்று ராத்திரிக்குள் இரண்டு தடவையில் 18,000 ரூபாய் போய்விட்டது. எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, அதைப் பேத்தி பார்த்துச் சொன்னது மறுநாள் காலையில்.

இந்த மாதிரி கார்டை மாற்றிக் கொடுக்கும் செய்தி நம் நாளிதழ்களில் மாதம் ஒன்றாவது வந்துகொண்டிருக்கிறது, புதிதாக நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. என் மனதை விட்டுப் போகாதது வேறு. வங்கிக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "பின் நம்பர யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு மெஷின் மேலயே ஒட்டியிருக்கோமே சார்" என்றார். திரும்பி வரும்போது அந்த ஸ்டிக்கரைப் போய்ப் பார்த்தேன். மெரூன் நிறத்தின் மேல் கறுப்பு எழுத்து. போனில் படம் பிடித்துப் பெரிதாக்கித்தான் என்னால் படிக்க முடிந்தது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி இருக்கிறது. வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணைப் பிறருக்குச் சொன்னதால் நஷ்டம் வந்தால், அது அவருடைய கவனக்குறைவு. அவர் வங்கியில் புகார் சொல்லும் வரைக்கும் ஏற்பட்ட நஷ்டம் முழுவதும் அவர் தலையில். கண் தெரிகிறவர்களுக்கு அது நியாயமான விதி. ஆனால் யாரிடமாவது எண்ணைச் சொன்னால்தான் பணம் எடுக்க முடியும் என்கிற நிலையில் ஒருவரை மெஷின் நிறுத்தியிருக்கும்போது, சொன்னது எப்படி அவருடைய கவனக்குறைவு ஆகும்? கவனம் குறைந்தது மெஷினை வைத்தவர்களுக்கு இல்லையா?

அதன் பிறகு பெரியப்பா கார்டைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டார். மகன் தங்கமான பிள்ளை, கேட்ட அன்றே எடுத்துவந்து கொடுத்துவிடுவான். ஆனாலும் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார்: "எங் காச நானே கேட்டு வாங்குதேன் பாத்தியா." முப்பத்தாறு வருஷம் ஷிப்ட் பார்த்தவர் அவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

விதிகள் இல்லை என்று சொல்ல முடியாது. நான் தேடிப் படித்தவரை, விதிகளுக்குக் குறைவே இல்லை. பார்வையற்றவர்களுக்கு ஏடிஎம் கார்டு, காசோலைப் புத்தகம், லாக்கர் எதையும் மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனில் சொன்னது. அதற்கு முன் மறுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அதிலிருந்தே தெரிகிறது. 2009 ஏப்ரலில், புதிதாக வைக்கும் ஏடிஎம்களில் மூன்றில் ஒரு பங்காவது, திரையில் வருவதைக் காதில் சொல்லும் பேசும் மெஷினாக, விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் புள்ளி விசைகளோடு இருக்க வேண்டும் என்றார்கள். 2012இல் யூனியன் வங்கி அகமதாபாத்தில் பேசும் ஏடிஎம்மைத் திறந்தது. 2014 மே மாதச் சுற்றறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது: அந்த ஜூலை 1ஆம் தேதி முதல் வைக்கிற எல்லாப் புது ஏடிஎம்மும் பேச வேண்டும், பிரெய்ல் இருக்க வேண்டும், பழையவற்றையும் படிப்படியாக மாற்ற வேண்டும்.

அதே 2014 சுற்றறிக்கையில் எங்களுக்கென்றே ஒரு வரி இருக்கிறது. குறைபார்வை உள்ளவர்களுக்காக ஒவ்வொரு வங்கிக் கிளையிலும் பூதக்கண்ணாடி வைத்திருக்க வேண்டும், அது இருப்பதாக அறிவிப்பும் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். படித்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒருவர் எங்களை நினைத்திருக்கிறார். மறுநாளே ஒரு கிளைக்குப் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார், அவர் உள்ளே போய் யாரையோ கேட்டார். பத்து நிமிஷம் கழித்து ஒரு லென்ஸ் வந்தது. கவர் பிரிக்கவில்லை. அந்தப் பெண்ணே பிரித்து, தன் துப்பட்டாவால் துடைத்து, "இப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும் சார்" என்று கொடுத்தார். செலான் படிவத்தை முதல்முறையாக நானே நிரப்பினேன். ஆனால் லென்ஸ் கிளைக்குள் இருக்கிறது. ஏடிஎம் வெளியே இருக்கிறது.

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, பேசும் மெஷின் ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவது என்று நானும் பெரியப்பாவும் கிளம்பினோம். முதல் வேலை இயர்போன் வாங்குவது. பேசும் ஏடிஎம்மில் நாம்தான் ஒயர் வைத்த இயர்போனைக் கொண்டுபோய்ச் செருக வேண்டும். இப்போது எல்லோரும் புளூடூத்துக்கு மாறிவிட்டார்கள், புதுப் போன்கள் பலவற்றில் அந்த ஓட்டையே கிடையாது. மூன்றாவது கடையில்தான், "பழைய மாடல் இருக்கு அண்ணாச்சி" என்று ஒரு பெட்டிக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள். 120 ரூபாய்.

பாளை மார்க்கெட்டில் ஆரம்பித்து சமாதானபுரம், வண்ணார்பேட்டை என்று ஏழு ஏடிஎம் பார்த்தோம். இரண்டில் இயர்போனைச் செருகியும் சத்தமே இல்லை. ஒன்றில் ஓட்டைக்குள் யாரோ சூயிங்கம் வைத்து அடைத்திருந்தார்கள். ஒன்றில் ஓட்டையைக் காணோம், இன்னொன்றில் பணமே இல்லை. ஆறாவது மெஷின் பேசியது. இந்தியில் பேசிவிட்டு, ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. பெரியப்பா இயர்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் விரலால் தடவித் தமிழ் படிக்கிற ஊர் இது. இந்த ஊரில் வைத்த மெஷினுக்கு ஏன் தமிழ் பேசத் தெரியவில்லை என்று நான் இன்னும் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏழாவது, வண்ணார்பேட்டையில். இயர்போனைச் செருகியதும் ஒரு பெண் குரல், தமிழில், நிதானமாக. கார்டைச் செருகும் இடம் வலது பக்கம் இருக்கிறது, எண் பலகை திரைக்குக் கீழே இருக்கிறது, ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு புள்ளி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. பெரியப்பா விரலால் தடவி ஐந்தைப் பிடித்துவிட்டார். அந்த ஒரு புள்ளி போதும். ஐந்துக்கு மேலே இரண்டு, கீழே எட்டு, இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் ஆறு. ஐந்து கிடைத்துவிட்டால் பலகை முழுவதும் கிடைத்த மாதிரி. அப்புறம் ஓரத்து விசைகள்: ரத்து செய்கிற சிவப்பு விசையில் பெருக்கல் குறி, சரி என்கிற பச்சை விசையில் ஒரு வட்டம், இரண்டுமே புடைத்திருக்கும். எத்தனையோ விரல்கள் பட்டு அந்தப் பச்சை நிறமே தேய்ந்துபோயிருந்தது. வட்டம் தேயவில்லை.

மெஷின் பக்கம் ஒட்டியிருந்த பிரெய்லை பெரியப்பாவால் பயன்படுத்த முடியாது. எனக்கும் தெரியாது. சின்ன வயதில் பார்வை போனவர்கள் பள்ளியில் பிரெய்ல் கற்றுக்கொள்கிறார்கள், அவர்களுக்கு அது உயிர். அறுபது வயதில் சர்க்கரையாலோ கிளாக்கோமாவாலோ பார்வை குறைகிறவர்கள் அதைக் கற்றுக்கொள்வது அரிது. பிரெய்ல் ஒட்டிவிட்டோம், வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

எனக்கு அந்த ஏழாவது மெஷினில் ஒரே ஒரு மனக்குறை. பெரியப்பாவுக்குப் பிறகு நான் முயன்று பார்த்தேன். இயர்போனைச் செருகியதுமே திரை கறுத்துவிட்டது. பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது, முழுக்கப் பார்வை இல்லாதவருக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் குறைபார்வைக்காரர் காதையும் கண்ணையும் சேர்த்து வைத்துத்தான் வேலை செய்வார். காது ஒரு வார்த்தையைச் சொன்னால், கண் அந்த வார்த்தையின் வடிவத்தைத் திரையில் தேடிப் பிடிக்கும். 'சேமிப்பு' என்று கேட்டுவிட்டால், மங்கலாகத் தெரிகிற அந்த நீளமான எழுத்துக் கோடு 'சேமிப்பு'தான் என்று எனக்கு உறுதியாகிவிடும். இருக்கிற கால் பங்கு கண்ணை மெஷின் அணைத்துவிட்டது. திரையை மறைக்கவா, வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பார்க்க விடுவது என்றால் எழுத்தைப் பெரிதாக்குவது மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். அதுவும் பாதிதான் சரி. எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எனக்கு நல்லது. பெரியப்பாவுக்கு எழுத்து பெரிதானால் அவர் குழாய்க்குள் ஒரே ஒரு எழுத்துதான் அடங்கும், வார்த்தையாகச் சேராது. அவருக்கு வேண்டியது சின்ன எழுத்து, அழுத்தமான கறுப்பு வெள்ளை, எல்லாம் திரையின் ஒரே இடத்தில். கண்புரை உள்ளவருக்கு வெள்ளைப் பின்னணியே கூச்சம், கறுப்பின் மேல் மஞ்சள் எழுத்து என்றால் படித்துவிடுவார். ஆக, ஒரே தீர்வை எல்லோர் மேலும் திணிக்காமல் அவரவர் தேர்ந்தெடுக்க விட வேண்டும். ஒரு தடவை தேர்ந்தெடுத்தால் கார்டோடு அது ஒட்டிக்கொள்ள வேண்டும். நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் மெஷின் நான் தமிழைத் தேர்ந்தெடுத்ததை ஞாபகம் வைத்திருக்கிறது, அடுத்த முறை கேட்பதே இல்லை. மொழியை நினைவில் வைக்கத் தெரிந்த மெஷினுக்கு எழுத்தின் அளவையும், எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும் என்பதையும் நினைவில் வைப்பது பெரிய காரியமா?

எழுத்தின் அளவு என்று சொன்னேன். அமெரிக்காவில் 2012 மார்ச் முதல் கட்டாயமான விதிகளில் ஏடிஎம் திரை எழுத்துக்கு ஒரு குறைந்தபட்ச உயரம் இருக்கிறது: ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு, அதாவது ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர். கோட்டு முனைகளில் சிறு நீட்டல் இல்லாத எழுத்து வடிவம், பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் நிறம், ஐந்தில் புள்ளி எல்லாம் அதில் உண்டு. 4.8 மில்லிமீட்டர் எழுத்தை என் மாதிரி 6/60 பார்வைக்காரர் எவ்வளவு தூரத்தில் படிக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 33 சென்டிமீட்டர். அதுவும் தட்டுத்தடுமாறிப் படிக்கிற எல்லை, சரளமாகப் படிக்க இன்னும் பாதி தூரத்துக்காவது நெருங்க வேண்டும். அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு. தமிழுக்கு அந்த அளவு பற்றாது. நம் எழுத்தில் சுழி அதிகம். ண, ன இரண்டும் ஒரே கறுப்பு உருண்டையாகிவிடும். புள்ளி முதலில் காணாமல் போகும். ஆங்கிலத் திரைக்குச் செய்த பெட்டிக்குள் தமிழ் வரியை நுழைக்க, எழுத்தை இன்னும் சுருக்கி வேறு வைக்கிறார்கள். 'பணம் எடுக்க' என்று இரண்டு சொல்லில் முடிகிற இடத்தில் 'பணம் திரும்பப் பெறுதல்' என்று எழுதினால் எழுத்து சிறிதாகத்தானே வேண்டும். சுருக்கமாக எழுதுவதும் கண்ணுக்குச் செய்கிற உதவிதான்.

இதற்கெல்லாம் பணம் நிறையச் செலவாகும் என்பார்கள். சிலவற்றுக்கு ஆகும். ஆனால் என் சாயங்கால வெயிலுக்குத் திரை மேல் ஒரு தகரக் கூடாரம் போதும். தலைக்கு மேல் இருக்கும் டியூப்லைட் திரையில் கோடாகத் தெரியாமல் இரண்டடி தள்ளி மாட்டினால் போதும். சூயிங்கத்தை எடுக்க ஒரு குண்டூசி போதும். மெஷினில் பணம் நிரப்ப ஆள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் வரும்போதெல்லாம் ஒரு இயர்போனைச் செருகி, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனால் இந்த ஊரில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பேசும் மெஷினை வாங்கிவிட்டார்கள், அது பேசுகிறதா என்று பார்க்கத்தான் யாரையும் வைக்கவில்லை.

உலகத்திலேயே முதல் பேசும் மெஷின் கனடாவின் ஒட்டாவாவில் 1997இல் வந்தது. கிறிஸ் ஸ்டார்க், மேரி ஸ்டார்க் என்று பார்வையற்ற இரண்டு வாடிக்கையாளர்கள் 1984இலிருந்து தங்கள் வங்கியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நடக்கவில்லை. 1991இல் மனித உரிமை ஆணையத்துக்குப் புகாராகக் கொண்டுபோனார்கள். கேட்க ஆரம்பித்ததிலிருந்து பதின்மூன்று வருஷம். நான் எழுதிய மூன்று கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று சோர்ந்துபோகும்போதெல்லாம் அந்தப் பதின்மூன்றை நினைத்துக்கொள்வேன். இங்கேயும் பிடி கொஞ்சம் இறுகியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் வங்கிச் சேவையைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல் விதிகளை நிதி அமைச்சகம் 2024 பிப்ரவரியில் வெளியிட்டது. இத்தகைய விதிகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் சொல்லிவிட்டது. இப்போது கடிதம் எழுதும்போது அந்தத் தீர்ப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

"எல்லாம் ஜிபேயிலதான சார் போகுது, ஏடிஎம்முக்கு எதுக்கு இவ்ளோ?" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு நண்பர் கேட்டார். எனக்கு அது சரிதான். போன் என் கண்ணுக்குப் பழகிவிட்டது, எழுத்தைப் பெரிதாக்கும், வாசித்தும் காட்டும். இப்போது சில ஏடிஎம்களில் கார்டே இல்லாமல், திரையில் வரும் க்யூஆர் கட்டத்தைப் போன் வைத்து ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணைச் சொந்தப் போனிலேயே போட்டுப் பணம் எடுக்கலாம். குறைபார்வை உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி, இன்னும் நிறைய மெஷினுக்கு வர வேண்டும். ஆனால் பெரியப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அவருக்குப் பணம் என்றால் கையில் இருக்க வேண்டும். காய்கறிக்காரம்மாவுக்கும் கோயில் வாசலுக்கும் அதுதான்.

கையில் வந்த பணத்தை எண்ணுவதும் ஒரு பாடு. பழைய 500 ரூபாய்த் தாள் 167 மில்லிமீட்டர் நீளம், பழைய 100 ரூபாய் 157. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் விரலுக்கு நன்றாகத் தெரியும். 2016க்குப் பிறகு வந்த தாள்களில் 500க்கு நீளம் 150, 200க்கு 146, 100க்கு 142. நாலு நாலு மில்லிமீட்டர்தான். அகலம் மூன்றுக்கும் ஒன்றே. ஓரத்தில் புடைத்த சாய்கோடுகள் இருக்கின்றன, 500க்கு ஐந்து, 100க்கு நாலு, 200க்கு நாலு கோட்டோடு இரண்டு வட்டம். தாள் புதிதாக இருந்தால் விரலுக்கு அகப்படும், நாலு கை மாறிவிட்டால் அகப்படாது. போனைக் காட்டினால் எந்தத் தாள் என்று சொல்லும் மணி என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020 புத்தாண்டு அன்று வெளியிட்டது. நான் வைத்திருக்கிறேன். பெரியப்பா தன் சட்டைப் பைக்குள் அட்டையில் வெட்டிய ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார், நான் செய்து கொடுத்தது. தாளை அதன் மேல் வைத்தால் ஓரம் எந்த வெட்டில் முடிகிறது என்று விரல் சொல்லிவிடும்.

அடுத்த மாதம் 5ஆம் தேதி மறுபடியும் வண்ணார்பேட்டைக்குப் போனோம். இந்தத் தடவை நான் உள்ளே போகவில்லை. அவர் இயர்போனைப் பையிலிருந்து எடுத்து, சிக்கலைப் பிரித்து, மெஷின் முகப்பில் விரலை ஓட்டி ஓட்டையைத் தேடிச் செருகுவது வரை கதவு வழியாக மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் கதவு சாத்திக்கொண்டது. எனக்குப் பின்னால் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர், "உள்ள யாரு, ரொம்ப நேரமா?" என்றார். "எங்க பெரியப்பா. பணம் எடுக்காங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நிழலுக்குத் தள்ளி நின்றார். ஏழு நிமிஷம் ஆனது.

வெளியே வந்தவர் படியில் நின்றே அட்டையை எடுத்து நாலு தாளையும் ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, மடித்து, பைக்குள் வைத்துப் பின் ஊசி குத்தினார். இயர்போனைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"அந்தப் பிள்ள சீட்டு வேணுமான்னு கேட்டுச்சு. வேண்டாம்னு அமுக்கிட்டேன். அத நம்மால எங்க படிக்க முடியப்போகுது."

டீக்கடையில் அவர்தான் காசு கொடுத்தார். மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு, "அடுத்த மாசம் நீ லீவு போட வேண்டாம்டே" என்றார்.